படுத்துக்கொண்டே போகிற டிக்கெட்

மகளுக்கு மெல்பர்னில் பிரசவம். என் மனைவிக்கு இங்கே முதுகு சரியில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த வருடம் நான் மாட்டிக்கொண்டு கிடந்தேன்.

மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறு வருடமே முதுகெலும்பில் தட்டு விலகி, அறுவை சிகிச்சை வரைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு வலி குறைந்தது, ஆனால் உட்கார முடியாமல் போயிற்று. நிற்பாள், மெதுவாக நடப்பாள், படுப்பாள். நாற்காலியில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் இடது கால் வழியாக நெருப்பு இறங்குகிறது என்பாள். பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், சமையலறை மேடை மீது தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் உட்காரும் நேரத்திலும் அவள் மட்டும் மாதா கோயிலின் கடைசித் தூண் பக்கம் நின்றுகொண்டிருப்பாள். பார்க்கிறவர்கள் இடம் கொடுப்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று தலையாட்டுவாள்.

மகள் கர்ப்பமாக இருக்கிறாள் என்ற செய்தி வந்த அன்றைக்கே, "நான் போகணும்" என்றாள். மருமகனுக்குத் தாய் இல்லை. தகப்பனார் நிபோங் திபாலில் தனியாக இருக்கும் வயதானவர். அதனால் இந்தப் பக்கத்திலிருந்து யாராவது போவதென்றால் அது நாங்கள்தான்.

டாக்டரிடம் கேட்டோம். எட்டு மணி நேரம் உட்கார்ந்து போவதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. படுத்துக்கொண்டு போக முடிந்தால் போகலாம் என்றார். படுத்துக்கொண்டு போகிற இடம் விமானத்தின் முன்பக்கத்தில் இருக்கிறது. அதன் விலையைப் பார்த்துவிட்டு நான் மனைவியிடம் சொல்லவே இல்லை. துறைமுகத்தில் கணக்கு எழுதிய என்னைப் போன்ற ஒரு கிராணியின் சேமிப்பில் அது பெரிய ஓட்டை.

இந்த நிலையில்தான் அந்த மலிவு டிக்கெட் கண்ணில் பட்டது. கோலாலம்பூரிலிருந்து பறக்கிற ஒரு மலிவு விலைக் கம்பெனி. அந்த விமானத்திலும் முன்னால் சில வரிசைகளில், சாய்த்தால் படுக்கையாகிற இருக்கைகள் இருக்கின்றனவாம். அதற்குச் சலுகை போட்டிருந்தார்கள். பெரிய கம்பெனிகள் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான். மனைவி அப்போது ஹாலில் பாயில் மல்லாந்து படுத்திருந்தாள். நான் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, திரையில் இருப்பதைச் சத்தமாக வாசித்தேன்.

"எவ்வளவுன்னு சொன்னீங்க?"

மறுபடி சொன்னேன்.

"பொய்லா."

"பொய் இல்ல. இங்கேயே போட்டிருக்கான்."

"அப்போ வேற எதுலயோ புடுங்குவான். கீழ வாசிங்க."

கீழே வாசித்தேன். அவள் சொன்னது சரியாகவே இருந்தது. சலுகை போகிறதற்கு மட்டும்தான். திரும்பி வருவதற்குப் பழைய விலை. சாப்பாடு, பெட்டி எல்லாம் சேர்த்தி, ஆனால் தேதியை மாற்றினால் டிக்கெட்டில் பாதியளவு கட்ட வேண்டும். போகாவிட்டால் பணம் திரும்ப வராது. பெயரை மாற்ற முடியாது. விமானம் காலையில் கிளம்புகிறது. பினாங்கிலிருந்து அன்றைக்கே போய்ப் பிடிக்க முடியாது, முந்தின நாளே கோலாலம்பூர் போய் ஹோட்டலில் தங்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். பழைய நோயால் வருகிற எதற்கும் பொறுப்பில்லை என்றார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னதாகத்தான் இருந்தது. சேர்த்துப் பார்த்தபோது அந்த மலிவு டிக்கெட் மலிவாக இல்லை.

"விட்டுடுங்க," என்றாள்.

நான் லேப்டாப்பை மூடினேன்.

மறுநாள் மகள் வீடியோவில் வந்தாள். வயிறு மேசை விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும், "அப்பா, நான் பே பண்றேன். இப்பவே பண்ணிடறேன்" என்றாள்.

மனைவி பாயிலிருந்தே குரல் கொடுத்தாள். "பிள்ளை பெக்கப் போறவகிட்ட டிக்கெட் வாங்கிக்கிட்டா நான் பிள்ளையப் பார்க்க வருவேன்? நீ பேசாம இரு."

"அம்மா, எனக்கு பயமா இருக்கும்மா."

மனைவி பேச்சை மாற்றி, மஞ்சள், பூண்டு எல்லாம் அங்கே கிடைக்குமா என்று விசாரித்தாள்.

போனை வைத்த பிறகு என்னிடம், "அந்தப் படுக்கை நிஜமாவே தட்டையா இருக்குமா?" என்று கேட்டாள்.

அதில் போய்வந்த ஒரு பையன் எடுத்த வீடியோவைக் கண்டுபிடித்தேன். அவன் காலை நீட்டிப் படுத்துக் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடைசியில், முழுத் தட்டை இல்லை, கால் பக்கம் கொஞ்சம் சரிவு, தூங்கினால் மெதுவாக வழுக்கிக்கொண்டே போகிறது என்று சொல்லிச் சிரித்தான். அவனுக்கு அது வேடிக்கை. நான் அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

எவ்வளவு சரிவு என்று அவன் சொல்லவில்லை. நான் குத்துமதிப்பாக ஒன்றை வைத்துக்கொண்டேன். மெத்தையைத் தரையில் போட்டு, தலைப்பக்கம் அடியில் பழைய தலையணைகளையும் மடித்த போர்வைகளையும் அடுக்கி, அவளைப் படுக்கச் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டிலிருந்து நான்கு மணித் தேநீர் வரைக்கும் அவள் அப்படியே கிடந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வழுக்குதா?"

"வழுக்குது. ஆனா வலிக்கல."

"நிஜமாவா?"

"எங்க பள்ளிக்கூடத்து மாரியம்மா டீச்சர் மாதிரி கேள்வி கேட்காதீங்க. வலிக்கலன்னா வலிக்கல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல மாதமாக அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புதான் என்னை வாங்க வைத்தது என்று இப்போது தோன்றுகிறது. அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. சலுகை அன்று மாலையோடு முடிகிறது என்று திரையில் போட்டிருந்தான். இன்னும் இரண்டே இடங்கள் என்றும் போட்டிருந்தான். உண்மையோ, அவசரப்படுத்தத்தான் போட்டானோ. யாரைக் கேட்பது? அந்தக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் கேள்வி கேட்கிற இடத்தில் ஒரு மெஷின் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் எவ்வளவு நேரம் இருக்கையை நிமிர்த்தி வைக்க வேண்டும் என்று கேட்டேன். பெட்டியின் எடை பற்றிய விவரத்தை அனுப்பியது. திரும்பக் கேட்டேன். திரும்பவும் பெட்டியின் எடை.

அவளுக்கு முன்பக்கத்தில் ஒரு படுக்கை இடம், எனக்குப் பின்பக்கத்தில் சாதாரண இடம் என்று எடுத்தேன். இரண்டு பேருக்கும் முன்பக்கத்தில் எடுக்கப் பணமில்லை.

"நான் கூப்பிட்டா வருவீங்களா?"

"விடமாட்டான்னு நினைக்கிறேன். நடுவுல திரைச்சீலை போட்டிருப்பான்."

"அப்போ நான் யாரையும் கூப்பிடாம படுத்துக்கிறேன்," என்றாள்.

கோலாலம்பூர் வரைக்கும் எப்படிப் போவது என்பதுதான் அடுத்தது. பினாங்கிலிருந்து விமானம் என்றால் உட்கார வேண்டும். ரயில் என்றாலும் உட்கார வேண்டும். அவளுடைய தம்பி புக்கிட் மெர்தாஜாமில் பாசார் கடைகளுக்குக் காய்கறி ஏற்றுகிறவர். அவரிடம் ஒரு வேன் இருந்தது. "பின்னாடி மெத்தையப் போட்டு அக்காவைப் படுக்க வெச்சே கொண்டுபோய்ச் சேர்த்துடறேன் அத்தான். போலிஸ் கேட்டா நான் பேசிக்கிறேன்" என்றார். விமானத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே கிளம்புவது, நடுவில் ஒரு முழு நாள் ஹோட்டலில் படுத்து ஓய்வு எடுப்பது என்று திட்டம். அந்த ஒரு நாள் வாடகையும் மலிவு டிக்கெட்டின் தலையில்தான் ஏறியது.

கிளம்புகிற காலையில் வேனைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். என்ன கழுவினாலும் உள்ளே கொத்தமல்லி வாசனை. மனைவி நீல நிறச் சுடிதார் போட்டு, தலையை அழுந்தச் சீவி, பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். மெத்தையில் படுத்துக்கொண்டு, "கத்தரிக்கா மூட்டை ரெடி, எடுங்க" என்றாள். நான் அவள் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

பாலத்தில் ஏறினோம். எத்தனை வருடம் அந்தப் பாலத்தில் போய்வந்திருக்கிறேன். அதில் இணைப்புக்கு இணைப்பு ஒரு தட்டு இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். இருக்கையில் உட்கார்ந்து போகிறவனுக்கு அது தெரியாது. வேனின் தரையில் முதுகை வைத்துக் கிடக்கிறவளுக்கு ஒவ்வொன்றும் தெரிகிறது. டக், டக், டக். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தம்பி, மெதுவா போ."

"மெதுவாத்தான்க்கா போறேன். பின்னாடி லோரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்."

பாலம் முடிந்து நெடுஞ்சாலைக்கு வந்ததும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். விடுமுறை வாரம். ஜூரு தாண்டியதுமே ஜாம். வேன் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது, நின்றது. பிரேக் போடும்போதெல்லாம் அவள் உடம்பு மெத்தையோடு முன்னால் போய்த் திரும்பி வந்தது. நான் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன். பிடிப்பதால் வலிக்கிறதா, விட்டால் வலிக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேனின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் தூரம் போன பிறகு, "என்னங்க" என்றாள்.

"சொல்லு."

"என் காலைத் தொடுங்க."

தொட்டேன்.

"தொட்டீங்களா?"

பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அழுத்தினேன்.

"தொடுங்கன்னா."

மைத்துனர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டார். ஆனால் நெடுஞ்சாலையில் திரும்ப முடியாது. இடதுபக்கம் ஒரு பஸ், முன்னால் ஒரு எண்ணெய் லோரி. நெடுஞ்சாலையை விட்டு இறங்குகிற அடுத்த வெளிவாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. அதற்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்ல முடியவில்லை. நான் அவள் பாதத்தை விடவே இல்லை. அவள், "விடாதீங்க, எனக்குத் தெரியலன்னாலும் விடாதீங்க" என்றாள்.

சிம்பாங் அம்பாட்டில் இறங்கி, பெட்ரோல் நிலையத்தில் ஓரம் கட்டினோம். வேனை இனிமேல் ஓட்டப் பயமாக இருக்கிறது என்றார் மைத்துனர். ஆம்புலன்சுக்கு அழைத்தோம். அது வருகிற வரைக்கும் பின்கதவைத் திறந்துவைத்து, நான் ஓர் அட்டையால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். பெட்ரோல் போட வந்த ஒரு மலாய்க்கார அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே குளிர்ந்த தண்ணீர் போத்தல் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். எங்களுடைய இரண்டு பெட்டிகளும் முன்னிருக்கையில் பத்திரமாக இருந்தன. அவற்றின் கைப்பிடியில் மகள் பெயரை அடையாளத்துக்கு ஒட்டியிருந்தேன்.

புக்கிட் மெர்தாஜாம் மருத்துவமனையில் அன்றைக்கே படம் எடுத்துப் பார்த்தார்கள். நரம்பு வீங்கி அழுந்தியிருக்கிறது, இப்போதைக்கு ஆப்பரேஷன் வேண்டாம், மருந்தில் இறங்கிவிடும், ஆனால் சில வாரம் அசையக்கூடாது என்றார்கள். சாயங்காலத்துக்குள் பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் திரும்பியது. கட்டை விரலை ஆட்டிக் காட்டினாள். அதைப் பார்த்து நான் அழுதேன். அவள் அழவில்லை. அவளுடைய யோசனை வேறு எங்கோ போய்விட்டிருந்தது.

"உங்க விமானம் நாளான்னிக்குத்தானே?"

"எந்த விமானமும் இல்ல. நான் எங்கேயும் போகல."

"அவகிட்ட ஒருத்தராவது இருக்கணும். என்னால முடியாது. அப்போ யாரு?"

"நான் போய் என்ன செய்வேன்? எனக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியுமா? குழந்தையத் தூக்கத் தெரியுமா?"

"தெரியாதுதான்," என்றாள். "போய் நில்லுங்க. வீட்டுல அப்பா இருக்காருன்னு இருந்தா போதும். என்னைத் தம்பி பொண்டாட்டி பார்த்துப்பா."

இரண்டு பக்கமும் பார்த்தேன். இங்கே இருந்தால் அவள் கட்டிலின் பக்கத்தில் நிற்பேன், வலியில் பங்கு வாங்க முடியாது. அங்கே போனால் மகள் அறைக்கு வெளியில் நிற்பேன், அங்கேயும் அதே கதை. எங்கே நின்றாலும் சும்மா நிற்கப் போகிறவன்தான் நான். எங்கே நிற்பது என்று அவள் தீர்மானித்தாள். நான் கிளம்பினேன்.

அவள் ஓய்வெடுக்க என்று நடுவில் விட்டுவைத்த ஒரு நாள்தான் எனக்கு உதவியது. மறுநாள் மாலை பினாங்கிலிருந்து பறந்து, ஹோட்டலில் அந்த இரட்டைக் கட்டில் அறையில் ஒரு கட்டிலில் படுத்து, காலையில் விமான நிலையத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் இரண்டு டிக்கெட்டையும் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி வரலையா அங்கிள்?" என்று கேட்டாள்.

விஷயத்தைச் சொன்னேன். மருத்துவமனைக் கடிதத்தைக் காட்டினேன். அவள் முகம் வாடியது. யாரையோ போனில் கேட்டாள். வரித்தொகை மட்டும் திரும்ப வரும், அதற்கும் எழுதிக் கேட்க வேண்டும் என்றாள்.

"அவங்க இடத்துல நான் உட்காரலாமா? காசு கட்டினதுதானே?"

"பேர் வேறல்ல அங்கிள், சிஸ்டம் விடாது. நீங்க அப்கிரேட் பண்ணலாம். ஆனா இன்னைக்கு விலை..." என்று திரையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி என் டிக்கெட்டை மட்டும் நீட்டினாள். எனக்கு ஜன்னலோர இடம் மாற்றித் தந்திருந்தாள். அவளால் முடிந்தது அது.

விமானத்தில் ஏறுகிறவர்கள் எல்லாரும் முன்வரிசைகளைத் தாண்டித்தான் பின்னால் போக வேண்டும். அவளுடைய இருக்கை எண் எனக்கு மனப்பாடம். அதில் காலணியைக் கழற்றிவிட்டு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். போர்வையைப் பிரித்து மடியில் போட்டிருந்தான். கடைசி நேரத்தில் காசு கட்டி வாங்கியிருப்பான். இது என் மனைவியின் இடம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லி? அவன் எழுந்து நின்றால் அந்த இடத்தில் யாரை உட்கார வைப்பேன்? பின்னால் வந்தவர் முதுகில் பையால் இடித்தார். நகர்ந்தேன்.

மகளுக்கு நான் போய்ச் சேர்ந்த வாரமே குழந்தை பிறந்தது. ஆண் பிள்ளை. பிரசவ அறையில் மருமகன் இருந்தார். நான் வெளியில் நீளமான நடைபாதையில் இருந்தேன். பிறந்த செய்தியை மனைவிக்கு நான்தான் சொன்னேன். "அழுதானா?" என்று கேட்டாள். "அழுதான்" என்றேன். "இவ?" என்றாள். "இவளும்" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. பால் சரியாகச் சுரக்கவில்லை. பிள்ளை கத்தினான். மகள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் கதவுக்கு வெளியில் சூப் கிண்ணத்தோடு நின்றேன். மனைவி அங்கே தம்பி வீட்டுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தபடியே போனில் வழி சொன்னாள். மிளகை இடி, பூண்டை நல்லெண்ணெயில் வதக்கு, அடுப்பைக் குறை. நான் கருக விட்டேன். மறுபடி வதக்கச் சொன்னாள். மகளிடம் போனைக் கொடுத்தால் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் பிறகு பேசாமல் இருப்பார்கள். லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் எட்டிப் பார்ப்பேன். கட்டாகியிருக்காது.

ஒரு நாள் மகள் என்னிடம் கோபமாகவே கேட்டாள். "அம்மாவை ஏன்ப்பா வேன்ல ஏத்தினீங்க? பெரிய கம்பெனியில பினாங்குலேருந்தே டிக்கெட் எடுத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

அதிலும் சிங்கப்பூரில் விமானம் மாறும் வரைக்கும் உட்கார்ந்துதான் போக வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். வேன் இல்லாவிட்டாலும் அந்த நரம்பு வேறு எங்காவது சிக்கியிருக்கலாம் என்றும் சொல்லியிருக்கலாம். எதுவும் எனக்கு உறுதியாகத் தெரியாது. அவள் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். எப்படிப் பிடிப்பது என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தலையை முழங்கையில் வைத்துக்கொண்டேன். அவன் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடியே தூங்கிப்போனான். அவள் வரும் வரைக்கும் நான் கையை அசைக்கவில்லை. மரத்துப்போன கையோடு நின்றபோது வேனில் பிடித்திருந்த பாதம் ஞாபகம் வந்தது.

ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினேன். மனைவி இப்போது இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு லிப்ட் வரைக்கும் நடந்து வருகிறாள். இடது பெருவிரலில் மட்டும் இன்னும் முழு உணர்ச்சி இல்லை. மகளும் பேரனும் அடுத்த வருடம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயணத்துக்கு எந்த டிக்கெட் எடுக்கலாம் என்று மகள் என்னிடம் யோசனை கேட்டாள். உனக்கு எது சரியென்று படுகிறதோ எடு என்றேன்.